மூன்றாவது வளைவு

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் அது மினுங்கும். அதற்கு நாலடி தள்ளி மேஜை போட்டு உட்கார்ந்து மூன்று வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாள்கூட அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. என்னைப் பார்க்க வைத்தவர் ஒரு லாரி டிரைவர். அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். இன்று கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் படித்த படிப்பைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஒரு வார்த்தையில் முடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்கள். கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஓர் உரக்கடைக்காரர் தன் கடையை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். எட்டுக் கம்ப்யூட்டர்கள். காலையில் டைப்பிங்கும் ஆபீஸ் பாடங்களும் நடக்கும். சாயங்காலம் கல்லூரி மாணவர்கள் மணிக்கணக்குப் போட்டு கார் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் விளையாடுவார்கள். நான்தான் அங்கே ஒரே டீச்சர். எனக்கு இருபத்தெட்டு வயது. முதலாளி எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்: பெட்டிகளைத் திறக்கக் கூடாது. திருநெல்வேலியிலிருந்து வரும் சர்வீஸ்காரர் ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் ஒரு காகித முத்திரை ஒட்டியிருந்தார். எனக்கும் திறக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. உள்ளே இருப்பது ஆண்களின் வேலை, வெளியே இருப்பது பாடம் என்று நானே ஒப்புக்கொண்டிருந்தேன்.

லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு விண்ணப்பம் டைப் செய்ய வேண்டும் என்று ஒருநாள் பதினொரு மணி வாக்கில் அண்ணாச்சி வந்தார். நாற்பது வயதிருக்கும். வலது காலை இழுத்து நடந்தார். நெற்றியிலிருந்து முடிக்குள் ஒரு தையல் தழும்பு ஓடியது. தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் போன லாரி ரோட்டை விட்டு இறங்கிக் கவிழ்ந்துவிட்டதாம். எதிரே வண்டி இல்லை, ஆடு மாடு இல்லை. வேறு யாருக்கும் அடியும் இல்லை. ஏன் இறங்கியது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. புளியமரம் ஒன்றைக் கடந்தது ஞாபகம் இருக்கிறது, அடுத்து ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரி. நடுவில் இருந்த அந்த ஒரு நொடியை அவர் ஒன்பது மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர்கள் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவரால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

விண்ணப்பம் அச்சாகிக்கொண்டிருக்கும்போது, யாரோ மூடாமல் விட்டுப்போன கார் பந்தயம் பக்கத்துத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “டீச்சர், இத நானும் ஓட்டலாமா?” என்று கேட்டார். அவருக்காக நான் வாசலோரக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். உள்ளே போகும் வழியில் வயர்கள் தரையில் கிடந்தன, காலை இழுத்து நடப்பவர் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். மற்றவற்றைவிட அது பழைய கம்ப்யூட்டர் என்று எனக்குத் தெரியும். மாணவர்கள் யாரும் அதில் விளையாட உட்காரமாட்டார்கள். கடிதம் அடிக்கத்தானே, போதும் என்று விட்டிருந்தோம். அன்று அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் வந்தார். காலைப் பாடம் முடிந்து எல்லாரும் கிளம்பிய நேரத்தில் வந்து ஒரு மணி நேரம் ஓட்டுவார். மாணவர்களைப் போல இடித்துத் தள்ளிக்கொண்டு ஓட்டமாட்டார். முந்தும் முன் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்ப்பார், அங்கே கண்ணாடியே கிடையாது. வளைவு வரும்போது அவருடைய இடது கால் மேஜைக்கடியில் கிளட்சைத் தேடும். நான் விடைத்தாள் திருத்தியபடியே அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து வருவதை நிறுத்திவிட்டார். வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் வாசலில் வந்து தயங்கி நின்றாள். விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்தின் கறை, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலையில் வேலை. டிரைவரின் மனைவி என்று சொன்னாள். அண்ணியை மைனி என்பது எங்கள் ஊர் வழக்கம், அன்றிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிட்டேன்.

“டீச்சர், ஒங்க கம்ப்யூட்டர்ல அவியளுக்கு என்ன டெஸ்டு எடுத்தீங்க?”

எனக்குப் புரியவில்லை. டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லையே, விளையாடத்தானே வந்தார் என்றேன்.

“இல்ல டீச்சர். கம்ப்யூட்டரே காட்டிருச்சுங்காவ. ஓட்டிக்கிட்டு இருக்கையில ஒரு எடத்துல கண்ணு நின்னு போவுதாம். ஒரு நொடி ஒண்ணுமே தெரியலயாம். தெளிஞ்சு பாத்தா வண்டி செவத்துல கெடக்காம். டாக்டருக்குத் தெரியாதது மெசினுக்குத் தெரியும்னு சொல்லுதாவ. நேத்து லைசென்ஸ எரிக்கணும்னு அடுப்புக்கிட்ட கொண்டு போயிட்டாவ. நான்தான் பிடுங்கி ஒளிச்சு வச்சிருக்கேன்.”

அவளை உட்காரச் சொல்லிவிட்டு வாசலோரக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த விளையாட்டை நான் அதுவரை விளையாடியதே இல்லை. அம்புக்குறி விசையை அழுத்தி மாட்டு வண்டி வேகத்தில் போனேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவில் ஒரு பாலமும் அதற்கப்பால் ஒரு பெரிய ஊரும் வரும். அங்கே நுழைந்ததும் திரை அப்படியே நின்றது. பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு மினுங்காமல் ஒரே நெருப்பாக எரிந்தது. பிறகு படம் ஒரு தாவு தாவியது, என் கார் சுவரில் கிடந்தது.

வர்ச்சுவல் மெமரி என்பதற்கு விளக்கம் எழுதுக. ஐந்து மதிப்பெண். ‘நினைவகம் போதாதபோது ஹார்ட் டிஸ்கின் ஒரு பகுதியை நினைவகம் போலப் பயன்படுத்திக்கொள்ளும் முறை.’ எத்தனை வகுப்புகளுக்கு இதைச் சொல்லி எழுத வைத்திருப்பேன்! அது ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தம் கேட்கும்போது திரை நிற்கும், அப்படி நிற்பதை ஒரு மனிதர் தன் மூளை நிற்பதாக நினைத்துக்கொள்வார் என்பதெல்லாம் அந்த இரண்டு வரியில் இல்லை. அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தவள் நான்தான்.

அண்ணாச்சி உடனே நம்பிவிடவில்லை. அன்று மத்தியானம் மைனியோடு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, “எனக்காவச் சொல்லுதீங்க டீச்சர். ஒங்க நல்ல மனசு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்று மன்றாடி அழைத்து வந்தோம். நான் ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது வளைவில் நின்றது. “நீங்களா நிப்பாட்டுதீங்க” என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மைனியை நாற்காலியில் உட்கார வைத்து, இந்த ஒரு பொத்தானை மட்டும் அழுத்துங்கள், திரும்ப வேண்டிய இடத்தில் நான் சொல்கிறேன் என்றேன். அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதே அன்றுதான். கார் சுவரெல்லாம் உரசிக்கொண்டு, தப்பான பக்கம் போய், புல்லில் ஏறி இறங்கி, எப்படியோ பாலத்துக்கு வந்தது. நின்றது. கரகர. விளக்கு.

“ஏட்டி, ஒனக்குமா?” என்றார் அண்ணாச்சி.

“எனக்கும்தான். நானென்ன லாரியா கவுத்தேன்?” என்றாள் மைனி.

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, மைனியும் பார்த்து வெகுநாளாகியிருக்கும் போல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் சிரமப்பட்டுக் குனிந்து பெட்டியோடு காதை வைத்தார். இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். “சத்தம் மொதல்ல வருது. அதுக்குப் பொறவுதான் நிக்குது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உள்ள என்ன செய்யுது டீச்சர்?” என்று கேட்டார்.

கடையில் இடம் பத்தாவிட்டால் சரக்கைப் பின்தெரு குடோனில் கொண்டுபோய்ப் போடுவது போல என்று சொன்னேன். கடை என்பது நினைவகம், கேட்டதும் கை நீட்டி எடுத்துக் கொடுக்கலாம். குடோன் என்பது ஹார்ட் டிஸ்க். இந்தக் கம்ப்யூட்டரில் கடை ரொம்பச் சின்னது. புது ஊர் வந்ததும் அதன் வீடுகள், மரங்கள், சாலையெல்லாம் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கிறது. இருப்பதைக் குடோனுக்கு அனுப்பி, வேண்டியதை அங்கிருந்து தூக்கி வர வேண்டும். ஆள் ஓடிப்போய்த் திரும்புகிற வரைக்கும் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தலையாட்டினார். “அப்ப கடையப் பெருசாக்குங்க” என்றார்.

அதைச் செய்வதற்கு முன் எனக்குத் தெரிந்த சின்ன வழியைப் பார்த்தேன். சி டிரைவ் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வேண்டாததை அழித்துவிட்டு, வர்ச்சுவல் மெமரிக்கான இடத்தை டி டிரைவுக்கு மாற்றினேன். மறுபடி ஓட்டினால் இம்மிகூட மாற்றம் இல்லை. சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பெயர்கள்தான், எந்தப் பெயரில் கேட்டாலும் ஓடி எடுத்து வருவது அதே ஆள்தான் என்பது அந்தத் தோல்வியில்தான் எனக்கு உறைத்தது. இனி இருப்பது ஒரே வழி. பவர் சப்ளை கெட்டு, சர்வீஸ்காரர் வரவுக்காக மூலையில் கிடந்தது இன்னொரு கம்ப்யூட்டர். அதையும் இதையும் ஒன்றாகத்தான் வாங்கினார்கள். அதிலிருக்கும் நினைவகப் பட்டையை எடுத்து இதில் போட வேண்டும். இரண்டு பெட்டிகளிலும் காகித முத்திரை.

“திறந்தா வேலைக்கு எதும் ஆவுமா?” என்று மைனி மெதுவாகக் கேட்டாள். ஆகலாம் என்றேன். “அப்ப வேண்டாம் டீச்சர். எனக்குத்தான் வெளங்கிருச்சே” என்றார் அண்ணாச்சி. ஆனால் அவர் கை அந்த அம்புக்குறி விசைகளின் மேலேயே இருந்தது. அவருக்கு விளங்கியது, ஆனால் அவர் கைகளுக்கு இன்னும் விளங்கவில்லை. நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு முத்திரைகளையும் கிழித்தேன். திருப்புளி உரக்கடையிலிருந்து வந்தது. அண்ணாச்சி டார்ச் பிடித்தார். உள்ளே இருந்தது ஒட்டடையும் கரிசல் புழுதியும்தான், இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது. அந்தப் பட்டையை எடுத்து இதில் காலியாக இருந்த இடத்தில் செருகிச் சுவிட்சைத் தட்டினேன். திரை இருண்டே இருந்தது. பெட்டி பீப் பீப் என்று கத்தியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று வருஷ வேலை போயிற்று என்று நினைத்தேன். அண்ணாச்சி பதறவில்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கி டீச்சர். பயப்படாம அழுத்தி உக்கார விடுங்க” என்றார். அணைத்துவிட்டு அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. திரையில் எழுத்து வந்தது.

அவர் ஓட்டினார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பாலம். பெட்டி லேசாக ஒரு முனகல் முனகியது. ஊர் வந்தது, ஊருக்குள் புகுந்து கார் வெளியே போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது சுற்று ஓட்டினார். மூன்றாவது சுற்று. ஒவ்வொரு தடவையும் பாலம் நெருங்கும்போது மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு சுற்று முடிந்த பிறகு அவர் விசைகளிலிருந்து கையை எடுத்து, தன் இரு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் முதலாளியிடம் கிழிந்த முத்திரைகளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். வாசலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். “இனிமே அந்த ஆள எதுக்கு திருநவேலியில இருந்து கூப்பிடணும்? நீயே பாத்துக்கம்மா” என்றார். அன்றிலிருந்து எட்டுப் பெட்டிகளும் என் கைக்கு வந்தன. பிறகு ஊரில் மற்றவர்களின் பெட்டிகளும் வந்தன, பிறகு ஹார்டுவேர் படிப்பு, பிறகு வெளியூர் வேலை. இன்று என் அறையிலிருக்கும் புது வகை டிஸ்குகள் சுழல்வதே இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் ‘சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல’ என்று யாராவது தயங்கிச் சொன்னால் உடனே எழுந்து போய்விடுவேன். முதலில் அவர்களை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சாத்தூர் ரோட்டில் தொலைந்த அந்த ஒரு நொடியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அதற்குக் கம்ப்யூட்டரில் பதில் இல்லை என்று அண்ணாச்சியிடம் நானே சொன்னேன். “தெரியும் டீச்சர். அது கெடக்கட்டும்” என்றார். மறுபடியும் டாக்டரிடம் போய்க் காட்டினார். இந்தத் தடவை டாக்டர் சொன்னதை நம்பினார். இரண்டு மாதம் கழித்துக் கடலை மிட்டாய்ப் பெட்டிகள் ஏற்றிப் போகும் ஒரு சின்ன லோடு வேனில் வேலை கிடைத்தது. முதல் நடை நாகலாபுரத்துக்கு. மைனி தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு ஏறிக்கொண்டாள்.

அன்று எனக்குப் பாடத்தில் மனமே இல்லை. நாலு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணாச்சி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் ஆட்டினார். மைனி இறங்கி வந்தாள். முகமெல்லாம் புழுதி, ஒரு கன்னத்தில் ஜன்னல் கம்பி அழுந்திய தடம்.

“எப்படி இருந்துச்சு மைனி?”

“போவையில கண்ண இமைக்கல டீச்சர். ரோட்டப் பாக்கல, அவியளையே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். பிறகு வெட்கத்தோடு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “திரும்பி வாரையில தூங்கிட்டேன்.”