சாயத்தைத் தின்னும் பாக்டீரியாவும் அக்காவின் கரியடுப்பும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அக்கா சுட்ட பன்றி விலாவைச் சாப்பிட்டவர்கள். அக்கா என்ன ஆராய்ச்சி செய்தார் என்பது சிலருக்கே தெரியும். தம்பி என்ற முறையில் இரண்டையும் இந்த முதலாண்டு நினைவு நாளில் சொல்கிறேன்.

அக்கா வீரபாண்டியில் பிறந்தார். அப்பா விவசாயத்தை விட்டுச் சாயப்பட்டறை வைத்தபோது அவர் பள்ளி மாணவி. பட்டறைத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடும். அந்த நிறம் எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் கேட்டவர் அவர் மட்டும்தான். அந்தக் கேள்வியோடுதான் பாக்டீரியாவின் மரபணுக்களைப் படிக்க வெளிநாடு சென்றார். அங்கே உடன் பணிபுரிந்த சீனத் தோழி, சோயா சாஸ், தேன், பூண்டு, அன்னாசிப்பூ சேர்த்து விலாவை ஊறவைத்து, தணலில் பொறுமையாகச் சுடக் கற்றுக்கொடுத்தார்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும், அக்கா அங்கே கிடைத்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அப்பா அப்போது எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொள்வார். ஒரு ஞாயிறன்று அக்கா பன்றி விலா வாங்கி வந்தார்.

"ஊட்டுக்குள்ள வேண்டாங் கண்ணு. வெளிய வெச்சு என்னமோ பண்ணிக்க" என்றார் அம்மா.

காங்கேயத்திலிருந்து வந்த கொட்டாங்குச்சிக் கரியில், வாசலில் சுட்டார். அப்பா ஒரு துண்டைச் சப்பிச் சாப்பிட்டுவிட்டு, குழறிய குரலில், "இன்னொண்ணு வைய்யி கண்ணு" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கியது.

கோவையில் ஒரு கல்லூரியில் சேர்ந்த அக்கா, சாக்கடை மண்ணில் சாயத்தைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் ஒரு மரபணுவை நீக்கினால் சாயம் அப்படியே நின்றது. அதைத் திருப்பி வைத்தால் நிறம் போக வேண்டும். அப்போதுதான் சாயத்தைச் சிதைப்பது அந்த மரபணுதான் என்று மெய்ப்பிக்கப்படும். அது மட்டும் கைகூடவில்லை. அதற்குள் புற்றுநோய் வந்துவிட்டது.

அக்காவின் மாணவி ஜெபா அந்த வேலையைத் தொடர்ந்தார். அவருடைய பெற்றோர் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனியில் தைப்பவர்கள். ஒரு மதியம் ஜெபா சோதனைக் குழாயோடு அக்கா இருந்த மருத்துவமனைக்கே வந்துவிட்டார்.

"மேடம், கலர் போயிட்டு."

அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "இன்னொருக்கா பண்ணிப் பாரு கண்ணு. அப்பறம் எழுதலாம்" என்றார்.

ஜெபா மறுபடி செய்தார். மறுபடியும் நிறம் போனது. அந்தச் செய்தியைக் கேட்டு அக்கா சிரித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த வாரமே அவர் எங்களைப் பிரிந்தார்.

வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பனியன் கம்பெனித் தோழர்களுக்கும், துக்கத்தில் துணைநின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இம்மலரின் முதல் பிரதியை ஜெபாதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.