மாப்பிள்ளைத் தோழனின் ரிவோல்வர்

அந்தத் துவக்கை, அந்த ரிவோல்வரைக் கெடுத்தது நீங்கள், தலைவர் அண்ணை. நான் இல்லை.

ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்கிறீர்கள். சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. முன்பெல்லாம் என் தம்பியும் அந்தச் சபையில் இருந்தான். அவன் சிரித்ததை நான் கண்டதில்லை. பிறகு அவன் வருவதையே விட்டுவிட்டான்.

புதிதாக எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தவர்களுக்காக முழுவதையும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சங்கம் வருடத்துக்கு ஒரு நாடகம் போடும். எழுதுவதும் பழக்குவதும் தலைவர்தான். அந்த வருடத்து நாடகம் ஒரு கல்யாண வீட்டில் நடக்கிறது. கதாநாயகன் இரகசியப் பொலிஸ்காரன். மாப்பிள்ளைத் தோழனாக வேடம் போட்டு மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறான். தாலி கட்டப் போகிற நேரத்தில் இடுப்பு வேட்டிக்குள்ளிருந்து ரிவோல்வரை உருவி, மாப்பிள்ளையின் பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு வந்த கடத்தல்காரனைச் சுடுகிறான். நாடகம் முடிந்தது. ஏன் கைது செய்யக் கூடாது என்று நான் கேட்டேன். “அதுக்குச் சத்தம் காணாது, பிள்ளை” என்றார் தலைவர்.

கதாநாயகன் என் தம்பி. பெட்ரோல் நிலையத்தில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு வசனம் பாடமாக்குவான். சாதாரண நேரத்தில் வாய் திறக்காத பிராணி. மேடையில் ஏறினால் வேறு ஆள். அவன் பேசினால் மண்டபத்தில் குழந்தைகூட அழாது. அக்கா என்பதால் சொல்லவில்லை. சரியில்லை என்றால் அதையும் சொல்லியிருப்பேன்.

ரிவோல்வரைத் தலைவர் நாடகச் சாமான் விற்கிற கடையில் வாங்கி வந்தார். முழு இரும்பு. குழலை அடைத்துச் செய்தது. குண்டு போகாது. சத்தம் மட்டும் போடுகிற வெற்றுத் தோட்டா வெடிக்கும்.

விம்பிள்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை. தம்பி வேலையிலிருந்து நேரே வந்து, சீருடைக் களிசானுக்கு மேலேயே வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றான். கெட்டிமேளம் என்று ஒருவர் கத்தினார். தம்பி இடுப்பில் கையை வைத்து ரிவோல்வரை உருவினான். ரிவோல்வர் வந்தது. வேட்டியும் வந்தது.

“அடேய், உது இரகசியப் பொலிஸ் இல்லை, பரகசியப் பொலிஸ்!” என்றார் தலைவர்.

பெரியப்பாவாக நடித்தவர் மணவறையில் சாய்ந்துகொண்டு, “தோழா, முதல்ல வேட்டியைக் கட்டு. நான் எங்கையும் ஓடமாட்டன். ஆறுதலா வந்து சுடு” என்றார்.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் வேட்டி வந்தது. நான் எழுந்து போய் ரிவோல்வரை வாங்கிப் பார்த்தேன். விசையை இழுத்தால் பின்னுக்குப் போய், சடாரென்று முன்னுக்கு விழுந்து தோட்டாவை அடிக்கிற பாகம் ஒன்று பின்பக்கத்தில் இருக்கிறது. குதிரை என்பார்கள். அந்தக் குதிரைக்குப் பெருவிரலால் இழுக்க வசதியாக ஒரு கொம்பு. வேட்டி மடிப்பில் கொளுவியது அந்தக் கொம்புதான்.

ஒருவர் பெல்ட் கட்டச் சொன்னார். ஒருவர் களிசான் போடச் சொன்னார். “தோழன் எண்டா வேட்டிதான். களிசானோட வந்து நிண்டா ஆர் நம்புவினம்?” என்று தலைவர் மறுத்தார். அப்போது தம்பிதான் சொன்னான்.

“அக்கா இரும்போடதானே வேலை செய்யிறா. அவவிட்டக் குடுங்கோ. கொம்பை எடுத்துத் தருவா.”

“பொம்பிளையிட்டையோ? உது கத்தரிக்காய் அரியிற வேலை இல்லை, பிள்ளை.”

“கத்தரிக்காயும் வடிவா அரிவன், அண்ணை. தாங்கோ இஞ்ச.”

நான் அப்போது விம்பிள்டனுக்குப் பக்கத்தில், மிச்சம் என்கிற ஊரில், பூட்டுச் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருந்தேன். வார்த்து வருகிற துண்டுகளின் பிசிறை அரத்தால் ராவி, கல்லில் பிடித்து மழுப்புவது என் வேலை. எங்கள் போர்மன் வெள்ளைக்காரர். கையெழுத்து, முத்திரை, அனுமதி எல்லாம் வைத்துக்கொண்டு வார இறுதியில் துப்பாக்கிக் கழகத்தில் குறி சுடுகிறவர். தேநீர் நேரத்தில் அவரிடம் போய், ரிவோல்வரை இடுப்பில் ஒளித்து வைத்தால் கொளுவாமல் எடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “யாரைச் சுடப் போகிறாய்?”

“மாப்பிள்ளையின் பெரியப்பாவை.”

நாடகம் என்று விளங்கப்படுத்துவதற்குள் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். விளங்கிய பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். இது புதிய பிரச்சினை இல்லையாம். வெளிநாடுகளில் சாதாரண உடுப்பில் திரிகிற பொலிஸ்காரருக்குக் கோட்டின் உள்துணியில் இதே கொம்பு கொளுவுமாம். அதனால் சிலர் அதை வெட்டிவிடுவார்களாம். ஆனால் பெருவிரலால் குதிரையை இழுக்க முடியாமல் போகும். அது பரவாயில்லை, விசையை இழுத்தால் குதிரை தானாக வந்து விழும். இன்னொன்றுதான் கவனிக்க வேண்டியது. குதிரையின் அடி அதன் பாரத்தில் இருக்கிறது. பாரம் குறைந்தால் அடியும் குறையும். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் தோட்டாவைத் தொடும், வெடிக்காது.

அளவு எது? அவருக்கும் தெரியாது. எனக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது. சமைக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு துளி இரும்பு, அது இருந்தால் வெடிக்கும், இல்லாவிட்டால் வெடிக்காது என்றால், அந்தத் துளி எங்கே இருக்கிறது?

வீட்டுக் கொல்லைக் கொட்டிலில் வைத்துக் கொஞ்சம் ராவினேன். வெடித்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். வெடித்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டி, “உங்கள் பொய்லர் சரியாக வேலை செய்கிறதா?” என்று அக்கறையாக விசாரித்தார். நான் நாடகம் என்றேன். அவர் நம்பவில்லை. கொம்பு போய், விளிம்பு எல்லாம் மழுங்கி, விரலை வைத்து இழுத்தால் வழுக்குகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். அதன்பிறகு ஒரு பெட்டித் தோட்டாவையும் வெடித்துத் தீர்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. தம்பி என் வீட்டு வரவேற்பறையில் வேட்டி கட்டிக்கொண்டு உருவிப் பார்த்தான். மீன் மாதிரி வந்தது. வேட்டி அசையவில்லை. “அக்கா, நீ மந்திரவாதிதான்” என்றான்.

ஒரே குறை, வெட்டிய இடம் வெள்ளையாக மின்னியது. கறுப்புப் பூசித் தருகிறேன் என்றேன். “இவ்வளவும் காணும், கொண்டா. நான் பாக்கிறன்” என்று தலைவர் பறித்துக்கொண்டு போனார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா நாள் வந்தது. ஆறு மணி என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் வரவில்லை. காத்திருந்தோம். வந்தார். மாலை, பொன்னாடை, பேச்சு, அதற்கு நன்றிப் பேச்சு. எல்லாம் முடிந்துதான் நாடகம். நான் மண்டபத்துக் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து பின்னால் நின்றேன்.

கெட்டிமேளம். தம்பி உருவினான். எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? முன்வரிசையில் ஒரு பெண் பயந்து தலையைக் குனிந்தார். விசையை இழுத்தான்.

டிக்.

பெரியப்பா நெஞ்சைப் பிடிக்கத் தூக்கிய கையோடு நின்றார். மறுபடியும் டிக். அப்போது எங்கோ ஒரு குழந்தை உதவி செய்கிற மாதிரி, “டுமீல்!” என்று கத்தியது. பெரியப்பாவுக்கு வேறு வழி இல்லை. விழுந்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தம்பி கையில் அந்த இரும்போடு அப்படியே நின்றான். திரை மூடுவதற்குக்கூட ஆளில்லை, திரை இழுக்கிறவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். “பிழை என்னிலதான். துவக்கைப் பொம்பிளையிட்டக் குடுத்தன். அவ கத்தரிக்காய் எண்டு நினைச்சு அரிஞ்சுபோட்டா.” மறுபடியும் சிரிப்பு.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “கொஞ்சம் கூடுதலா வெட்டிப்போட்டியோ அக்கா?”

“இல்லையடா.”

“சரி. விடு.”

அவன் நம்பவில்லை. நம்பாமலே என்னை மன்னித்தான். அதைவிட அடித்திருக்கலாம். அதன்பிறகு அவன் மேடை ஏறவே இல்லை. நான் உங்களிடம் ரிவோல்வரைக் கேட்டேன். பூட்டி வைத்திருக்கிறேன், தேவையில்லை என்றீர்கள். எங்கே பிழை நடந்தது என்று பார்க்க மட்டும்தான் கேட்டேன். தரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. போர்மன்கூடத் தன்னுடையதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்போது உங்களிடமிருந்து போன் வந்தது. “பிள்ளை, அந்தச் சாமான் என்ர கராஜில கிடக்குது. பொலிஸ் வந்தா என்ன சொல்லுறது? நீதானே வெட்டினனி, நீயே அதை இல்லாமல் ஆக்கு.”

வாங்கி வந்தேன். முதலில் பொலிஸ் நிலையத்தில் போய் விசாரித்தேன். குழல் அடைத்த நாடகச் சாமானுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். பிறகு கொட்டிலில் விளக்கைப் போட்டு, விசையை மெல்ல அழுத்திக் குதிரையைப் பின்னுக்கு வரவைத்துப் பார்த்தேன். அது விழுகிற பொந்துக்குள் மஞ்சளாக ஏதோ கட்டி. துரு என்று நினைத்தேன். ஊசியால் கிண்டினேன். மாவாக உதிர்ந்தது. அடியில் ஒரு புள்ளி சிவப்பு. மூக்கில் வைத்தேன்.

சந்தனம். குங்குமமும்.

மேடைக்குப் பின்னால் பூசை வைத்தீர்கள் அல்லவா? ஆறு மணிக்கு முன்னாலேயே, எப்போதும் வைக்கிறதுதான். பிள்ளையாருக்கு முன்னால் தாலித் தட்டம், குத்துவிளக்கு, ரிவோல்வர் எல்லாம் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. என்னிடம் அந்த விழாவின் வீடியோ இருந்தது. தம்பி போட விடமாட்டான் என்று அலுமாரிக்குள் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். கல்யாண வீடு எடுக்கிற வீடியோக்காரர், ஆகவே பூசையைக் கிட்ட வைத்து எடுத்திருக்கிறார். உங்கள் பெருவிரல். வெள்ளையாக மின்னுகிற அந்த இடத்தில் ஒரு கட்டிச் சந்தனத்தை அப்பி அழுத்துகிறீர்கள். வேட்டியில் மஞ்சள் பிடிக்கும் என்று மேலே இருந்ததைச் சால்வையால் துடைக்கிறீர்கள். உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

அதோடு நான் விடவில்லை. ஒரு பெட்டி வெற்றுத் தோட்டா வாங்கி வந்து, சந்தனம் அரைத்தேன். அதே பொந்தில் அப்பி, ஈரத்தோடு விசையை இழுத்தேன். வெடித்தது. எனக்கே ஏமாற்றம். திரும்ப அப்பி, மேசை விளக்குக்குக் கீழே வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். சோறும் கறியும் முடித்து வந்து இழுத்தேன். டிக். துப்புரவாக்கி இழுத்தேன். வெடித்தது. ஈரச் சந்தனம் வழிவிடும், காய்ந்தது விடாது. ஆறு மணி நாடகம் ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் வெடித்திருக்கும். பிரதம விருந்தினருக்கும் இதில் பங்கு உண்டு.

ஒன்றையும் மறைக்கவில்லை. கொம்பு இருந்திருந்தால், அந்தப் பாரத்தில் குதிரை காய்ந்த சந்தனத்தையும் நொறுக்கிக்கொண்டு வெடித்திருக்குமோ? தெரியாது. வெட்டிய கொம்பைத் திரும்ப ஒட்டிப் பார்க்க முடியாது. ஆனால் பொந்தில் சந்தனம் அப்புவார்கள் என்று எந்தப் போர்மனும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “சாமி காரியத்தில குறை சொல்லாத, பிள்ளை. பாவம் பிடிக்கும்” என்று வைத்துவிட்டீர்கள். தம்பிக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெருவிரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான். “நீ எனக்குச் சொல்லி என்ன, அக்கா. சிரிச்சது நான் இல்லையே, சபைதானே” என்றான்.

அவன் சொன்னது சரி. இந்த வருடம் அதே நாடகத்தை மறுபடி போடப் போகிறீர்களாம். தம்பியைக் கேட்டிருக்கிறீர்கள். அவன் மாட்டேன் என்கிறான். ஆனால் நேற்று அவன் வீட்டுக்குப் போனபோது குளியலறைக்குள் அவன் அந்த நாடகத்தின் கடைசி வசனத்தைச் சொல்வது கேட்டது. கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன்.

ஆகவே, தலைவர் அண்ணை, விழாவுக்கு முந்திய பொதுக்கூட்டத்துக்கு நான் அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். முன்வரிசையில் இருப்போம். ரிவோல்வரும் வீடியோவும் என் பையில் இருக்கும். எனக்குத் தனியாகப் போன் எடுக்க வேண்டாம். ஆள் விட்டுச் சமாதானம் பேசவும் வேண்டாம். நீங்கள் அந்தக் கதையைச் சொல்கிற அதே மைக்கில், சிரித்த அதே சபைக்குச் சொல்லுங்கள். அந்தப் பொந்தில் சந்தனத்தை அப்பியது யார்?