தொழில் புகை

பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெல்டிங் கம்பியைக் கவ்வும் ஹோல்டரைக் கையில் எடுக்கிறார் பொறியண்ணன். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும் நாட்களில் வெல்டிங் பட்டறையில் எல்லாருக்கும் பால் உண்டு. முதலாளியின் செலவு. "புகையை அப்படியே கழுவிட்டுப் போயிடும்டா, குடி" என்பார் பொறியண்ணன். "அப்போ எருமைக்கு வெல்டிங் கத்துக் குடுத்துடலாம்ணே" என்று யாராவது சீண்டினால், அவர்தான் முதலில் சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும்.

சட்டை முழுக்கப் பொறி தெறித்த பொத்தல்கள். அறுபதை நெருங்கியும் கை நடுங்காது. பற்றவைத்த இரும்பு சிவப்பாக இருக்கும்போதே அதில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வார். தீப்பெட்டிக்கு ஏன் தண்டம்?

மகளுக்கு இது தெரியாது. பேத்தி பிறந்த அன்று, "இனிமே சிகரெட்டைத் தொட்டா குழந்தையத் தொடக்கூடாது, சரியாப்பா?" என்று கேட்டாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்று முதல் பேத்தி அவர் மார்பில்தான் தூங்குகிறாள். மகள் மூக்கைச் சுளித்தால், "தொழில் புகைம்மா, குளிச்சாலும் போகாது" என்பார். பாவம், அவளும் சோப்பை மாற்றி மாற்றி வாங்கித் தந்தாள்.

ஜி.ஐ. பைப் வேலை முடிந்த இரவில் குளிர்க்காய்ச்சல் வருவதும், விடிந்ததும் போய்விடுவதும் வெல்டர்களுக்குப் பழக்கம்தான். இந்த முறை விடிந்தும் போகவில்லை. விலாவில் குத்தியது. சளி துரு நிறத்தில் வந்தது. "இரும்புத் தூள் வெளிய வருது, நல்லதுதானே" என்று மறுபடி பட்டறைக்குப் போனவரை, மறுநாள் மூச்சு வாங்க வாங்கத் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

"நிமோனியா. வெல்டிங் புகை பட்ட நுரையீரல்ல கிருமி சுலபமா இடம் பிடிச்சிடும்," என்றார் டாக்டரம்மா. "சர்க்கரை இருக்கா? குடிப்பாரா? சிகரெட்?"

மாஸ்க்குக்குள் மூச்சுத் திணறியவருக்காக மகளே பதில் சொன்னாள். "சர்க்கரை இருக்கு. குடி கிடையாது. சிகரெட்டை என் பொண்ணு பொறந்தப்பவே விட்டுட்டாரு. ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனுஷன் டாக்டர்!"

பொறியண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் இவ்வளவு மோசமா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"அந்தப் பட்டறைதான்! பாலை ஊத்தியே எங்கப்பாவ ஏமாத்தியிருக்கான் முதலாளி. இன்னைக்கே போய் அவனை நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டாக்டரம்மாவும் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

பொறியண்ணன் கையை நீட்டி வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்தார். மகளும் நின்று திரும்பினாள். அவர் இரண்டு விரல்களைச் சேர்த்து, மாஸ்க்கின் மேல் உதட்டுக்கு நேராக வைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார்.