பந்தி முடிந்த பிறகு வாசிப்பவர்கள்

எங்கள் இசைக்குழுவைப் பற்றித் திண்டுக்கல்லில் யாரும் தவறாகப் பேசியதில்லை. பேசுவதற்கு அவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். ராக் என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி ஜாஸ் பக்கம் நழுவிவிடும் நால்வர் நாங்கள். மூவருக்குத் திறமை இருந்தது. நான் பேஸ் கிதார் வாசித்தேன். எனக்குத் தெரிந்த சுரங்கள் குறைவு, ஆனால் அவற்றை நான் ஒருபோதும் கைவிட்டதில்லை.

சாக்சபோன் வாசிக்கும் அண்ணன் எங்களில் மூத்தவர். பேண்டு செட்டுடன் வெயிலில் நடந்தபடியே வாசித்துப் பழகியவர். மாப்பிள்ளை குதிரையில் ஏறி அமர்வதற்குள் ஒரு பாட்டைப் பல விதமாக வளைத்து நிமிர்த்திவிடுவார். மாப்பிள்ளைக்கும் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. கிதார்க்காரன் சாணார்பட்டிப் பக்கம் கத்தரியும் தக்காளியும் போடும் வீட்டுப் பிள்ளை. விடியற்காலையில் சந்தைக்குக் காய் ஏற்றிவிட்டு வருவதால் ஒத்திகையில் கொட்டாவி விட்டபடியே இருப்பான். அந்தக் கொட்டாவிகளுக்கு நடுவே அவன் விரல்கள் போய்வரும் இடங்களுக்கு எனக்கு இன்னும் வழி தெரியாது. டிரம்ஸ்காரன் ஒரு பிரியாணி மாஸ்டரின் ஒரே மகன். ஏழு தட்டுத் தாளத்தை நாலு தட்டு என்று நம்பவைத்து ஏமாற்றுவது அவன் பொழுதுபோக்கு.

ஒத்திகை அவனுடைய மாமாவின் தோல் கிடங்கில். அந்த வாடைக்குப் பயந்து அக்கம்பக்கத்தில் யாரும் குடியிருக்கவில்லை. ஆகவே புகாரும் இல்லை. காந்திகிராமத்தில் படித்துவிட்டு வந்த நான், தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போவதைப் பற்றி நீண்ட பாட்டொன்றை எழுதியிருந்தேன். தோல் கிடங்கில் நின்றுகொண்டு அதைப் பாடுவது நேர்மையா, நன்றிகெட்டதனமா என்று இருபக்க நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்தேன். நான் சீர்தூக்கி முடிப்பதற்குள் மற்ற மூவரும் சரணங்களை நீக்கிவிட்டு, அந்த இடங்களில் சாக்சபோனை நிரப்பிவிட்டார்கள். எஞ்சியது ‘தண்ணி’ என்ற ஒரே சொல். பாட்டு முன்பைவிட நன்றாக இருந்தது என்பது சமூகத்துக்கு நல்ல செய்தி அல்ல.

இப்படி இருக்கையில் டிரம்ஸ்காரனின் அத்தா ஒரு நாள் கிடங்குக்கு வந்தார். வட்டாரத்தில் பெரிய காதுகுத்து எதுவானாலும் அவர்தான் சமையல். சற்று நேரம் நின்று கேட்டார்.

“ஏலே, இது எங்கன போயி முடியும்?” என்று மகனைக் கேட்டார்.

“சாக்ஸ் அண்ணன் கண்ணத் தொறந்து தலையாட்டுனா முடிஞ்சிரும்த்தா.”

“அவரு தூங்குறாருல்ல?”

தூங்கவில்லை. எங்கள் வழக்கம் அது. அவர் மகிழ்ச்சியாக இருந்தால் கண் திறக்கமாட்டார். அவர் திறக்கும்வரை நாங்களும் நிறுத்தமாட்டோம்.

“ஞாயித்துக்கிழம ஒரு காதுகுத்துக்குச் சமைக்கிறேன்” என்றார் அத்தா. “அங்க வந்து வாசிங்க. சனத்துக்குப் பிடிச்சுதுன்னா இவன் தட்டிக்கிட்டே கெடக்கட்டும். இல்லேன்னா மறுநா அண்டாப் பக்கம் வந்துரணும். அம்புட்டுத்தான்.”

“பிடிச்சிருக்கான்னு எப்படிப் பாப்பீக?” என்று கேட்டேன். ஏதேனும் கருத்துக்கணிப்பு வைத்திருப்பார் என்று எண்ணினேன்.

“இலையப் பாத்தாத் தெரியும் தம்பி. மனசு குளுந்தா மறுசோறு கேப்பாக.”

அண்டாவை டிரம்ஸ்காரன் வெறுக்கவில்லை. அது எப்போதும் ஒரே தாளத்தில் கொதிக்கிறது என்பதுதான் அவன் குறை. அவன் போய்விட்டால் நாங்கள் மூவரும் ஒரு தோல் கிடங்கில் நிற்கும் மூவர், அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம், முதல் பந்தியில் ஒழுக்கமாக நடந்துகொண்டோம். எல்லாருக்கும் புரிகிற தாளம், உரிய இடத்தில் முடிவு. மறுசோற்று வாளிகள் ஓடின. அடுக்களை வாசலில் நின்ற அத்தா தாடியைத் தடவிக்கொண்டார்.

இரண்டாம் பந்தியில் ‘தண்ணி’யைத் தொடங்கினோம். நான் அந்தச் சொல்லைப் பாடியதும் பரிமாறுபவர் ஒருவர் ஓடிவந்து என்னிடம் ஒரு தம்ளரை நீட்டினார். அதற்குப் பின் யாரும் ஓடவில்லை. சாக்ஸ் அண்ணன் கண்களை மூடிவிட்டார். டிரம்ஸ்காரனோ, நாளைக்குக் கையில் கரண்டிதான் என்று எண்ணியவன்போல, வைத்திருந்த எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்டினான். சீர் கொண்டுவந்த தாய்மாமன் வாய்க்கு எடுத்துப்போன நல்லி எலும்பை நடுவழியில் நிறுத்திவிட்டார். காது குத்திய குழந்தை அழுகையை ஒத்திவைத்தது. வாளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. எங்களை அப்படி யாரும் கேட்டதே இல்லை. மறுசோறு கேட்டவரும் ஒருவரும் இல்லை.

கருகிய வாசம் மூக்கில் ஏறியபோதுதான் சாக்ஸ் அண்ணன் கண் திறந்தார். பாட்டு முடிந்தது.

“என்னா பாய், அடிப்பிடிச்சிருச்சா?” என்று தாய்மாமன் கத்தினார். அடுத்த பந்திக்கான பிரியாணி தம்மில் இருந்த அண்டா அது. அத்தா நீளக் கரண்டியுடன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் அண்டா கருகியதாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவர் நேராக மகனிடம் வந்தார். “ஒருத்தனும் மறுசோறு கேக்கல.”

“பாத்தேன்த்தா.”

“கறிய வாயில வச்சுக்கிட்டு மெல்லாம ஒக்காந்திருக்கான். என் சோத்த யாருமே இப்பிடிக் கேவலப்படுத்துனதில்லடா.”

மகன் குச்சிகளைக் கீழே வைத்தான். “அப்ப நாளைக்கு வந்துர்றேன்த்தா.”

அத்தா கரண்டியைப் பார்த்தார். பிறகு குச்சிகளைப் பார்த்தார்.

“நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற? கரண்டியக் குடுத்தா அதுலயும் தட்டுவ. நானும் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பேன், அண்டா கருகும். எடு குச்சிய. ஆனா ஒண்ணு, கடைசிப் பந்தி எந்திரிக்கிற வரைக்கும் ஒரு தட்டுத் தட்டக் கூடாது.”

அன்றிலிருந்து அவர் சமைக்கும் இடங்களில் நாங்கள் வாசிக்கிறோம். பந்தி முடிந்த பிறகு. அப்போது மண்டபத்தில் மிஞ்சுபவர்கள் பாத்திரம் கழுவுபவர்கள், நாற்காலியில் உறங்குபவர்கள், செருப்பைத் தேடுபவர்கள். கழுவுபவர்கள் கைதட்டுகிறார்கள், சோப்பு நுரையுடன். உணவு வீணாவது குறைகிறது என்ற அளவில் இந்த ஏற்பாட்டை என்னால் கொள்கைரீதியாக எதிர்க்க முடியவில்லை.

போன மாதம் கீரனூரிலிருந்து விசேஷத்துக்குச் சமையல் சொல்ல வந்தவர் அத்தாவிடம் கேட்டார்: “ஏனுங்க பாய், இந்தப் பசங்க பாட்டு நல்லாருக்குங்களா?”

“நல்லாருக்கும்” என்றார் அத்தா. “அதான் பிரச்சன. மொதல்ல சாப்பாட்ட முடிச்சிருங்க.”