மூன்று மாடி இறங்கிய நாள்

அந்தப் பிரசவ மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறவரின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. நர்ஸிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் 'மேல்கீழ்' அண்ணன். இருபத்தெட்டு வருடமாகத் தரைக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருப்பவர். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போகும் பெண்கள், சில நாள் கழித்துக் கையில் ஒரு துணிப்பொதியோடு கீழே வருவார்கள். அவர் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைப் பார்த்தபடி நிற்பார். அவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. தன் கண் பட்டுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று தொடங்கிய பழக்கம், நாளடைவில் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாள் வரும் மெழுகுவர்த்தித் திருநாளன்று, வேலைக்குப் போகுமுன் மனைவியோடு காலைப் பூசைக்குப் போனார். ஆலயத்தில் பாதி பெஞ்சு காலி. வந்திருந்தவர்கள் கையில் ஆளுக்கொரு சுடர். தினம் பார்க்கிற முகங்கள்கூட அந்த வெளிச்சத்தில் எங்கோ தூரத்தில் மிதப்பதுபோல் இருந்தன.

சாமியார் கொஞ்சமாகத்தான் பேசினார்.

"குழந்தை இயேசுவைப் பெத்தவங்க கோயிலுக்குக் கொண்டுவந்த நாள் இது. அங்க சிமியோன்னு ஒரு பெரியவர், காலமெல்லாம் காத்துக்கிட்டு இருந்தவர். குழந்தையக் கையில வாங்கினார். கண்ணாரப் பாத்துட்டேன், இனி நிம்மதியாப் போவேன்னு சொன்னார். தாய்கிட்டயே திருப்பிக் கொடுத்தார். தனக்குன்னு வெச்சுக்க நினைக்கல. இந்தத் திருநாளுக்கு அர்த்தம் அவ்வளவுதான்."

வெளியே வரும்போது மனைவி கேட்டாள்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளு கையில புள்ளயக் கொடுத்துட்டு, அந்தம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"பூசையில இதையா யோசிச்சுக்கிட்டு இருந்த?"

"வேற எத யோசிக்க?"

அன்று லிஃப்ட் பழுது. லிஃப்டுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மூன்றாவது மாடியில் நின்றவரை நர்ஸ் கூப்பிட்டாள்.

"மேல்கீழண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க? இந்தப் பாப்பாவத் தூக்கிட்டு இறங்குங்க. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன உடம்பு, கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கணும். அவங்க அக்கா கையில ரெண்டு பை."

"எனக்குத் தூக்கத் தெரியாதே."

"கொடுத்தா வந்துடும்," என்று அவர் கையில் வைத்துவிட்டாள்.

பொதி இளஞ்சூடாக இருந்தது. அவர் மூச்சைக்கூட அளந்து விட்டார். ஒரு படி. பின்னால் குழந்தையைப் பெற்ற பெண்ணின் செருப்புச் சத்தம். இன்னொரு படி. லிஃப்டில் அரை நிமிடத்தில் கடக்கிற மூன்று மாடி அன்று முடிவில்லாமல் நீண்டது. ஜன்னல் வெயில் படிகளில் நீரோட்டம்போல அசைந்தது. தண்ணீருக்குள் நடப்பதுபோல இருந்தது அவருக்கு.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கண் படியில் இல்லை, அவர் கையிலேயே இருந்தது.

"பயப்படாதம்மா. நிதானமாத்தான் போறேன்."

"பயமில்லண்ணா. கண்ண எடுக்க முடியல, அதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். குழந்தை விழித்திருந்தது. கறுத்த, ஈரமான, எதையும் இன்னும் தெரிந்துகொள்ளாத கண்கள். இத்தனை வருடம் ஒரு முழத் தூரத்தில் ஆயிரமாயிரமாய் இறங்கிப்போனது இதுதானா என்று நினைத்தார். மீதிப் படிகளை எப்படி இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை.

வாசலில் வண்டி நின்றது. அந்தப் பெண் உள்ளே உட்கார்ந்து கையை நீட்டினாள். கொடுத்தார். கொடுக்கும்போது மனம் இழுக்கும் என்று பயந்திருந்தார், இழுக்கவில்லை. லேசாக இருந்தது.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆணா, பொண்ணா?"

அவர் யோசித்தார். "கேக்கலையே."

"மூணு மாடி தூக்கிட்டு வந்தீங்க, அதக் கேக்கல?"

"தோணல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, முதல் படியிலேருந்து திரும்பச் சொல்லுங்க."