இரண்டாம் ரக்அத்தில் ஓர் இருமல்

எங்கள் பள்ளிவாசலில் பதினாறு தூண்கள். மின்விசிறி பதினொன்று, அதில் மூன்று சுற்றுவதில்லை. என் வீட்டுக் கேற்றிலிருந்து பள்ளிப் படி வரை நானூற்றுப் பன்னிரண்டு காலடி. நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் எதையும் நம்பியதில்லை. மனிதர்களை எண்ணிப் பார்த்தும் நம்பியதில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, நான் தொழும் ஐந்தாம் தூணடிக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். கடல் தொழில் செய்பவர், இந்தக் கற்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாரத்தோடு வந்தவன். இருபது வருடம் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தும், ஸலாம் சொல்வதற்கு மேல் எங்களுக்குள் கதை இருந்ததில்லை. மூன்றாம் தூணடியில் தொழுதுகொண்டிருந்தவருக்கு என் பக்கத்தில் என்ன வேலை?

வந்தவர் இருமத் தொடங்கினார். எல்லோரும் ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழும்போது ஒரு சத்தமும் இல்லை. மதிய ளுஹர் முடிந்து, நான் தனியாக இரண்டு ரக்அத் சுன்னத்துத் தொழுகை தொழும்போதுதான் இருமல். நின்று, குனிந்து, இருமுறை நெற்றி தரையில் பட்டு எழுந்தால் ஒரு ரக்அத். அதுவும் இரண்டாம் ரக்அத்தின் கடைசி ஸுஜூதில் தரையிலிருந்து நான் நெற்றியை உயர்த்தும் நேரம் பார்த்து. முன்னதாகவே தன் தொழுகையை முடித்துவிட்டு, கால் மடக்கி, தஸ்பீஹ் மணியை உருட்டியபடி, ஒரே ஒரு இருமல். பதினேழு நாட்களில் பதினைந்து தடவை. சளி இப்படி மணி பார்த்து வராது.

பரிகாசம் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேறொரு சந்தேகம் வந்தது.

மனைவி மௌத்தான பின் நான் தனியாக இருந்தேன். சிலாபத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் தினமும் தொலைபேசியில் கூப்பிடுவாள். "வாப்பா, இத நேத்தும் சொன்னீங்க," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை, "இனி அங்க தனியா இருக்கேலாது வாப்பா. வீட்டப் பூட்டிட்டு இங்க வாங்க," என்றாள். தொண்ணூறில் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவன் நான். இன்னொன்றைப் பூட்டும் எண்ணம் எனக்கு இல்லை.

அந்த மாதம் அவள் வந்து திரும்பும்போது, பஸ் தரிப்பில் அந்த மனிதரோடு நின்று கதைத்ததைக் கண்டேன். ஐந்து நிமிடம். இருவரும் என் வீட்டுப் பக்கம் நான்கு தடவை திரும்பிப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக வந்தது. அவர் உளவாளி.

மறுநாள், ஒளு எடுக்கும் குழாயடியில் அவரை மறித்தேன்.

"என்ட மகள்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் கால் கழுவுவதை நிறுத்தவில்லை. "வாப்பா தொழுகையெல்லாம் சரியாத்தானே தொழுறாங்கன்னு கேட்டாங்க. ஓம், சரியாத்தான்னு சொன்னேன்."

"அது ஏன் உங்களுக்கிட்ட கேக்கணும்? நீங்க ஏன் இருமுறீங்க?"

குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். "மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. ஒரு கெழமை நீங்க ரெண்டுக்கு மூணு தொழுதீங்க. ஒரு நாள் நாலு. எழும்பப் போற நேரத்துல ஒரு சத்தம் குடுத்தா எழும்பாம இருந்துடுவீங்கன்னு பார்த்தேன். இருந்தீங்க."

"சொல்லியிருக்கலாமே!"

"எப்புடிச் சொல்றது? என்ட மகளுக்குக் கணக்குப் படிச்சுக் குடுத்தவரு நீங்க. நான் பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருஷம்." சிரித்தார். "ஆனா ரெண்டு வரைக்கும் நல்லா எண்ணுவேன்."

"மகளுக்குப் பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய்யில்ல மாஸ்டர். இருமினாப் பொறகு சரியாத்தானே தொழுதீங்க?"

மற்றவர் இருமலை நம்பித் தொழுகையை முடிக்க மார்க்கத்தில் இடமில்லை என்று சொன்னேன். சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் அவர் வரவில்லை. என் பேச்சில் கோபம் என்றே கணித்தேன். முதல் நாள் விரல் மடக்கித் தொழுதேன். இரண்டாம் நாள், மடக்கிய விரல் இந்த ரக்அத்துக்கா முந்தியதற்கா என்று தெரியவில்லை. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுக்க வேண்டும். ஒன்று கூட்டித் தொழுது, மறதிக்கான ஸுஜூது இரண்டும் செய்தேன். பக்கத்தில் வெறும் பாய்.

வீட்டுக்கு வந்து கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டுக் காலடிதான். இருபது வருடத்தில் நடந்ததில்லை. அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். இப்போது இருமல் உண்மையானது, ஓயவே இல்லை.

அவர் மனைவி பிளாஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன விஷயம் மாஸ்டர்?"

"ஒண்டுமில்ல. குடிக்கக் குடுங்க."

"இல்ல, என்னத்துக்கு வந்தீங்க?"

மூன்று தடவை கேட்டார். எனக்குப் பழக்கமான சந்தேகப் பார்வை அது. வெளியிலிருந்து அதைக் கண்டது அன்றுதான்.

பின்னேரம் மகள் கூப்பிட்டபோது நானே சொன்னேன்: ரக்அத் தவறுகிறது, பக்கத்தில் ஒருவர் இருமி எண்ணித் தருகிறார், இருந்தும் வீட்டைப் பூட்டமாட்டேன்.

"அவரு வராத நாளைக்கு என்ன செய்வீங்க வாப்பா?"

"அண்டைக்கு நான் அவர்ட வீட்ட போவன்," என்றேன்.

"இத இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள். என்னைச் சோதிக்கிறாளோ என்று நினைத்தேன். இருந்தாலும் சொன்னேன்.