பிளாஸ்டிக்குக்குள் போன பில்

ஆஸ்பத்திரிச் செலவுக்கு எனக்கு இரண்டு காப்புறுதிகள் இருந்தன. ஒன்று, பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ளது. மற்றது, கொழும்பில் அப்பா ஸ்டோர் வேலை பார்த்த கம்பனி தன் ஆட்களின் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்தது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் ஒருத்திக்கு இரண்டு என்றால் கொடுத்து வைத்தவள்தான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உயர்தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கையில், மழையில் படிக்கட்டில் வழுக்கி வலது முழங்கையை உடைத்துக்கொண்டேன். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். கம்பியை எடுத்து, இறுகிப்போன முழங்கையைத் தளர்த்த மூன்று மாதத்தில் இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை கை நீளவும் செய்யாது, மடங்கவும் செய்யாது. இரண்டு வரி எழுதினாலே உயிர் போகும். முதல் ஆபரேஷனே கைமாற்று வாங்கிச் செய்தது. காப்புறுதிப் பணம் வந்தால்தான் இரண்டாவது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த தேதியோ பரீட்சைக்குப் பிறகு.

கம்பனியில் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் பாடசாலைக் காப்புறுதிக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் தங்கள் பங்கைக் கொடுத்து, பில்லின் பின்பக்கம் சீல் அடித்து, ஒரு கடிதமும் தருவார்கள். இரண்டையும் காட்டினால் மீதியைக் கம்பனிக் காப்புறுதி கொடுக்கும்.

படிவத்தில் பாடசாலை அதிபரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் ஹட்டனில் இருந்த காப்புறுதி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த மிஸ் எங்கள் ஃபைலைத் திறந்தார். பில் பளபளவென்று இருந்தது. அப்பா அதை லெமினேட் செய்திருந்தார்.

“இதுல எங்கங்க நான் சீல் அடிக்கிறது?” என்று கேட்டார் மிஸ். ஒரு தடவை அடித்தும் பார்த்தார். விரல் பட்டதும் மை இழுபட்டது.

“ஈரம் பட்டுறக் கூடாதுன்னு செஞ்சேங்க மிஸ்,” என்றார் அப்பா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “வீட்டுல உள்ள எல்லாத்தையும் பிளாஸ்டிக்குல போடுங்கப்பா. என்னையும் சேத்துப் போட்ருங்க,” என்றேன், அத்தனை பேர் முன்னாலும். அப்பா பில்லில் இழுபட்ட மையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

எங்கள் லயத்தில் கூரை ஒழுகும், பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் அப்படித்தான் கூழாகிப்போனது. அடையாள அட்டைக்காக வருடக்கணக்கில் அலைந்த மனிதர் அவர். அதற்குப் பிறகு முக்கியமான தாள் எது கைக்கு வந்தாலும் நேரே லெமினேட் கடைக்குத்தான் போவார். இதெல்லாம் தெரிந்துதான் அப்படிப் பேசினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

“ஏசாதீங்க பிள்ள,” என்றார் மிஸ். “தோட்டத்துல இருந்து நெறையப் பேரு இப்படித்தான் கொண்டாறாங்க. ஆஸ்பத்திரியில கேட்டா இன்னொரு பில் எடுத்து, சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. அதுல நான் அடிச்சித் தாறேன்.”

மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டிய அப்பா, லீவு சொல்லிவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினார். மாலையில் தொப்பலாக நனைந்து வந்தார். சட்டைக்குள்ளிருந்து எடுத்த தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“இத நீயே வச்சிக்க. என் கை சும்மா இருக்காது,” என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். அவர் இரண்டையும் கண்டுகொள்ளாமல் தலையைத் துவட்டினார்.

சீல் விழுந்தது, கடிதம் வந்தது, மீதியைக் கம்பனிக் காப்புறுதி கொடுத்தது. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டி மடக்கினேன்.

பரீட்சை முதல் நாள், கொடுத்த தாள்கள் முடிந்துபோயின. எனக்கு எழுத இன்னும் இருந்தது. கூடுதல் தாள் கேட்டு, வலது கையை நேராக மேலே தூக்கினேன்.